வைத்த கோப்பு திரும்பி வருமா?

காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள், பாட்டனாருடைய ஒரேயொரு புகைப்படம் ஆகியவற்றை ஒரு பெட்டியில் இட்டுப் பூட்டி வைப்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். 1995-ம் ஆண்டு ஒக்ரோபர் 30-ந் திகதி யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் பலவற்றின் கையில், வேறெது இல்லாவிடினும், அப்பெட்டியிலிருந்த கடதாசிகள் இருந்தன. 2004-ம் ஆண்டு டிசெம்பர் 26-ந் திகதி கிழக்குக் கரையிற் கடல் புகுந்தபோதும், 2025-ம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின் வெள்ளம் பெருகியபோதும், உயிர் தப்பியோர் பின்னர் பட்ட பாட்டிற் பெரியதொரு பங்கு, போன பத்திரத்துக்குப் பதிற் பத்திரம் பெறுவதற்காகக் கச்சேரிக்கும் கந்தோருக்கும் அலைந்த பாடேயாகும்.

இப்பொழுது அப்பெட்டியின் பெரும்பகுதி கைத்தொலைபேசிக்குள்ளும் கணினிக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது. பிள்ளையின் முதற் சிரிப்பும், மறைந்த அம்மம்மாவின் குரலும், பல்கலைக்கழக மாணவன் ஆறு மாதம் வருந்தி எழுதிய ஆய்வும் உள்ளங்கையகலக் கருவியொன்றிற் கிடக்கின்றன. அக்கருவி கிணற்றில் விழுந்தாலும், பேருந்திற் களவு போனாலும் எல்லாம் ஒருங்கே போயின. ஆகவே கோப்புகளின் பிரதியொன்றை இணையத்தின் வழியே தூரத்தில் வைத்துக்காக்கும் சேவைகளைப் பற்றி வாசக அன்பர் பலர் நம்மைக் கேட்டு வருகின்றனர். பெரும்பாலார் கேட்கும் வினா, “எது மலிவு?” என்பதே. “எது அதிக இடம் தரும்?” என்பது இரண்டாவது. இவ்விரண்டும் வேண்டிய வினாக்களே எனினும், முதலிற் கேட்க வேண்டியவை அல்ல என்பது நமது துணிபு. வைத்த கோப்பு வேண்டியபோது முழுமையாகத் திரும்பி வருமா? அதனை நம்மையன்றி யார் திறக்கக் கூடும்? இவற்றை முதலிற் கேட்டவர், விலையைப் பின்னர்க் கேட்டாலும் ஏமாறார்.

பிரதி செய்து காத்தல் நமக்குப் புதிய கலையன்று. ஏட்டுச்சுவடி கறையானுக்கு இரையாகும் முன்னர் அதனைப் பெயர்த்தெழுதி வைத்தமையாலேயே பழைய நூல்கள் பல நம் கைக்கு எட்டின. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887-ம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்ற முடிந்தது, வெவ்வேறு இடங்களில் ஏடுகள் எஞ்சியிருந்தமையாலன்றோ? 1981-ம் ஆண்டு மே 31-ந் திகதி இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறிடத்திற் பிரதி இருந்தவற்றை மீண்டும் வாங்கி வைக்க முடிந்தது. பிரதி இல்லாதவை போனவை போனவையே.

இக்காலத்தில் இதற்கு ஓர் எளிய கணக்கு வழங்குகின்றது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றேனும் வீட்டுக்கு வெளியே என்பதே அது. பீற்றர் குறோ என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் தமது நூலில் எழுதிப் பரப்பிய விதி இது. கணினியில் இருப்பது முதற் பிரதி. வெளி வன்தட்டில் இடுவது இரண்டாவது. இணையத்தில் வைப்பது மூன்றாவது. இணையச் சேவையொன்றைத் தெரிந்தவுடன் வன்தட்டு வேண்டாம் என்று எண்ணுவோர் உளர். அது தகாது.

இனி, பலரும் மயங்கும் இடமொன்று உண்டு. அதனைச் சற்று விரித்துரைப்பது நமது கடமை.

கூகிள் றைவ், ஐகிளவுட், வன்றைவ், ட்றொப்பொக்ஸ் முதலியன பெரும்பாலும் ‘ஒத்திசைவு’ச் சேவைகளாகும். அஃதாவது, நம் கருவியில் உள்ளதும் அவர்களிடம் உள்ளதும் எப்பொழுதும் ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக் கொள்பவை. கைத்தொலைபேசியில் இடம் போதவில்லையென்று அப்பா படங்களை அழித்தால், ஒத்திசைவு தன் கடமையைத் தவறாது செய்து அங்கேயும் அழித்துவிடும். ‘அங்கே ஒரு பிரதி இருக்கிறதே’ என்று நம்பி அழித்தவருக்கு இரண்டும் இல்லை. அழித்தவை உடனே மறைந்துவிடுவதில்லை என்பது ஓர் ஆறுதல். கூகிள் றைவின் குப்பைக்கூடையிலும் ஐகிளவுட் படங்களின் ‘அண்மையில் அழித்தவை’ என்னும் பகுதியிலும் அவை 30 நாள் தங்கும். முப்பத்தோராம் நாள் நினைவு வந்தவருக்கு அவ்வாறுதலும் இல்லை.

கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் தீய மென்பொருள்களும் உள்ளன. அவற்றுளொன்று கணினிக்குட் புகுந்தாற் பூட்டப்பட்ட கோப்பே புதிய கோப்பென்று கருதப்பட்டு இணையத்திலும் பழையதன் இடத்தைப் பிடித்துக் கொள்ளும். ஆகவே நாம் தேடவேண்டிய குணம், பழைய பதிப்புகளையும் நாட்கணக்கில் வைத்திருக்கும் குணமாகும். காப்புப் பிரதிக்கென்றே அமைந்த பக்பிளேஸ், ஐடிறைவ் முதலிய சேவைகளில் இது முதன்மையாகக் கவனிக்கப்படுகின்றது. ஒத்திசைவுச் சேவைகளிலும் ஓரளவு உண்டு. எத்தனை நாள், எத்தனை பதிப்பு என்பதைப் பணம் கட்டுமுன் படித்தறிதல் வேண்டும். விளம்பரத்திற் பெரிய எழுத்தில் இருப்பது இடத்தின் அளவு. நாட்கணக்கு உள்ளே எங்கோ சிறிய எழுத்தில் இருக்கும்.

‘முகில்’ என்னும் பெயர் அழகியது. ஆயினும் அது நம்மை ஏமாற்றும் பெயருமாகும். கோப்பு வானத்தில் மிதப்பதில்லை. ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு கட்டடத்தில், இரும்புத் தட்டொன்றில் இருக்கின்றது. 2021-ம் ஆண்டு மார்ச் 10-ந் திகதி பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓ.வீ.எச். நிறுவனத்தின் தரவு நிலையம் தீப்பற்றியபோது ஒரு கட்டடம் முற்றாக எரிந்தது. கோப்பும் அதன் காப்புப் பிரதியும் ஒரே வளவில் இருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் இழந்தனர். அவ்வளவு தூரம் போவானேன்? 2023-ம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் நம் நாட்டு அரசாங்கத்தின் முகிற் சேவையே இத்தகைய கப்ப மென்பொருளால் தாக்குண்டது. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையுள்ள காலத்துக்கு வேறு காப்புப் பிரதி இல்லாமையால் அக்காலத்து அஞ்சல்கள் மீளவில்லை. மந்திரிசபை அலுவலகமும் இழந்தோருள் ஒன்று. அரசாங்கத்துக்கே அப்படியானால் நம் குடும்பப் படங்களின் நிலை என்னவென்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டடம் எரியாவிடினும் கடை மூடப்படலாம். ‘கிராஷ்பிளான்’ என்னும் பெயரில் வீட்டுக் கணினிகளுக்குக் காப்புச் சேவை நடத்திய நிறுவனம் 2017-ம் ஆண்டு ஓகஸ்றில் அறிவித்து, 2018-ம் ஆண்டு ஒக்ரோபரில் வீட்டாருக்கான சேவையை நிறுத்திவிட்டது. ‘அமேசன் றைவ்’ 2023-ம் ஆண்டு டிசெம்பர் 31-ந் திகதியோடு முடிந்தது. இரண்டிலும் முன்னறிவித்தல் தரப்பட்டது. ஆனால் அறிவித்தல் வருவது மின்னஞ்சலில். அந்த மின்னஞ்சலை நாம் திறப்பதே இல்லையெனின் அறிவித்து என்ன பயன்?

மூடாவிடினும் வாக்கு மாறலாம். மைக்ரோசொவ்ற் நிறுவனம் இலவசமாக அளித்த 15 கிகாபைற்றை 2016-ம் ஆண்டு 5 ஆகக் குறைத்தது. கூகிள் நிறுவனம் படங்களுக்கு அளவின்றி அளித்த இலவச இடத்தை 2021-ம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி நிறுத்திற்று. இரண்டாண்டு தொடாத தனியார் கணக்குகளை அழிக்கும் வழக்கத்தையும் 2023-ம் ஆண்டு டிசெம்பரில் அது தொடங்கியது. ஊரில் இருக்கும் தாயாருக்குப் பிள்ளைகள் திறந்து கொடுத்துப் பின் எவரும் தொடாத கணக்குகள் எத்தனையோ உள. அவற்றில் ஏதேனும் அரிய படம் இருப்பின், இன்றே ஒருமுறை உட்சென்று பார்ப்பது நன்று.

அடுத்தது பாதுகாப்பு. ஏறக்குறைய எல்லாச் சேவைகளும் “உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுள்ளன” என்றே சொல்லுகின்றன. அது மெய். ஆனாற் சாவி யார் கையில் என்பதே வினா. வங்கிப் பெட்டகத்தின் சாவி வங்கியிடமும் இருக்குமாயின் வங்கி நினைத்தால் திறக்கலாம். நீதிமன்றம் கேட்டாலும் திறக்கலாம். சாதாரண கூகிள் றைவ் இத்தகையது. ஐகிளவுட்டின் வழக்கமான அமைப்பிற் படங்களும் கருவியின் காப்புப் பிரதியும் இத்தகையனவே. மற்றொரு வகையிற் கோப்பு நம் கருவியிலேயே பூட்டப்பட்டுப் பின்னரே அனுப்பப்படும். சாவி நம்மிடம் மாத்திரம் இருக்கும். புரோட்டன் றைவ், றெசோறிற் முதலியன இவ்வகை. பக்பிளேசிலும் ஐடிறைவிலும் வேண்டுமாயின் நாமே சாவியை வைத்துக் கொள்ளலாம். ஐடிறைவிற் கணக்குத் தொடங்கும்போதே இதைத் தீர்மானித்தல் வேண்டும். அப்பிள் நிறுவனமும் 2022-ம் ஆண்டு டிசெம்பரில் இத்தகைய பாதுகாப்பை விரும்புவோருக்கு அளிக்கத் தொடங்கிற்று. பிரித்தானிய அரசாங்கத்தின் வற்புறுத்தலின் பின்னர் 2025-ம் ஆண்டு பெப்ரவரியில் அந்நாட்டிலுள்ள புதிய பாவனையாளருக்கு அதனை நிறுத்திவிட்டது. இலண்டனில் இருக்கும் உறவினர் இதனைக் கவனித்திருப்பர்.

எல்லாவற்றுக்கும் மிகக் கடினமான பூட்டே வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். கோயில் திருவிழாப் படத்தைப் பிறர் பார்த்தால் என்ன குடிமுழுகிவிடும்? வங்கிக் கணக்குகள், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, மருத்துவ அறிக்கை, உறுதி ஆகியவற்றின் பிரதிகள் வேறு. அவற்றை மாத்திரம் ஓர் உறையில் இட்டுப் பூட்டுவது போதும். ‘கிறிப்ரோமேற்றர்’ என்னும் மென்பொருளைக் கணினியில் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதனாற் பூட்டிய உறையை எந்தச் சேவையிலும் வைக்கலாம். இதனாற் பெரிய சேவையின் மலிவும், தனிச் சாவியின் காவலும் ஒருங்கே கிடைக்கும்.

ஆயினும் இங்கே ஒரு பேரிடர் உள்ளது. சாவி நம்மிடம் மாத்திரம் இருப்பின், அது தொலைந்த நாளில் உலகில் எவராலும் அக்கோப்பைத் திறக்க இயலாது. நிறுவனத்துக்கு எழுதினாலும் “எம்மிடம் சாவி இல்லை” என்றே பதில் வரும். அவர்கள் சொல்வதும் உண்மையே. குடும்பத்தில் ஒருவர் மாத்திரம் இவற்றையெல்லாம் அறிந்தவராயிருந்து, அவர் திடீரென்று மறைந்துவிட்டால் என்னாகும்? மனைவி மக்களுக்குத் துக்கம் ஒருபுறம். இருபது ஆண்டுப் படங்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் நிற்பது மறுபுறம். மாதக் கட்டணமும் அவருடைய அட்டையிலிருந்தே போயிருக்கும். வங்கி அட்டையை நிறுத்தியதும் கட்டணம் நிற்கும்; சில மாதத்திற் கோப்புகளும் நீக்கப்படும். இவ்விடர் தீயினும் வெள்ளத்தினும் நிச்சயமானது, ஏனெனில் மரணம் எல்லா வீட்டுக்கும் வருவது.

இதற்கு வழிகள் உள்ளன. ஒரு கணக்கைக் குறித்த காலம் எவரும் தொடாவிடின் நாம் குறித்த ஒருவருக்கு அறிவித்துக் கோப்புகளைக் கொடுக்கும் ஏற்பாடொன்றைக் கூகிள் 2013-ம் ஆண்டு முதல் வைத்திருக்கின்றது. அப்பிள் 2021-ம் ஆண்டு டிசெம்பரில் ‘மரபுரிமைத் தொடர்பாளர்’ என்னும் பெயரில் அத்தகையதொன்றைத் தொடங்கிற்று. இவற்றைச் செய்துவைக்கப் பத்து நிமிடம் போதும்; செய்து வைத்தவரோ மிகச் சிலர். இவ்வேற்பாட்டாலும் நாமே பூட்டிய உறை திறவாது. ஆகவே அதன் கடவுச்சொல்லைத் தெளிவாகத் தாளில் எழுதி, உறுதியோடு ஒரு பிரதியும் நம்பிக்கைக்குரிய சகோதரரிடம் ஒரு பிரதியும் வைப்பதே நாம் கூறும் முறை. தாளில் எழுதலாமா என்று இளைஞர் நகைப்பர். பல்லாயிரம் மைலுக்கப்பால் இருக்கும் திருடனால் நம் அலுமாரியைத் திறக்க முடியாது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

வெளிநாடு செல்லும் மாணவருக்கு ஒரு வார்த்தை. கணக்கினுள் நுழையக் கைத்தொலைபேசிக்கு இலக்கமொன்று அனுப்பும் இரட்டைக் காவல் நல்லதே. அது இல்லாத சேவையை நாடவே வேண்டாம். ஆனாற் கொழும்பில் எடுத்த ‘சிம்’ அட்டையைத் தொறொன்ரோவில் வைத்து இழந்தபின் அவ்விலக்கம் எங்கே வந்து சேரும்? இரட்டைக் காவலை அமைக்கும்போது பெரிய சேவைகள் தரும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.

இப்போது விலைக்கு வருவோம். இச்சேவைகள் பெரும்பாலும் டொலரிலேயே விலை சொல்லுகின்றன. 2022-ம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா. மாதம் 2 டொலர்ச் சேவை நிறுவனம் ஒரு சதமும் கூட்டாமலே 400 ரூபாவிலிருந்து 720 ஆயிற்று. ஆகவே இன்று தாங்கும் விலையின் இருமடங்கையும் தாங்க முடியுமா என்று எண்ணிய பின்னரே பெரிய இடத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாண்டுச் சலுகை விலையை மட்டும் பார்த்து மகிழ்வதும் தகாது. இரண்டாம் ஆண்டு விலை எது என்பதே உண்மை விலை.

வைப்பது மலிவாயிருந்து எடுப்பது விலையேறிய சேவைகளும் உண்டு. அமேசன் நிறுவனத்தின் ஆழ்ந்த சேமிப்பு வகை ஒன்றில் 1,000 கிகாபைற்றை வைக்க மாதம் ஏறக்குறைய ஒரு டொலரே. அதனை ஒரே மாதத்தில் முழுவதும் திரும்ப இறக்குவதாயின் அமெரிக்க நிலையங்களின் விலைப்படி 80 டொலருக்கு மேற் செல்லும். எடுப்பதற்கு ஆயத்தமாகவே பன்னிரண்டு மணித்தியாலம் வேண்டும். அது வணிகருக்கென அமைந்தது. இணையத்தில் யாரோ மெச்சினார் என்று குடும்பத்தார் அதிற் போய் விழலாகாது.

மற்றொரு செலவு நேரம். நம் இணைப்புகளில் இறக்கும் வேகத்திலும் ஏற்றும் வேகம் குறைவு. வினாடிக்கு 2 மெகாபிற் ஏற்றும் இணைப்பில் 100 கிகாபைற்றை அனுப்ப, இடைவிடாது நடந்தாலும், நாலரை நாளுக்கு மேற் செல்லும். மாத அளவு குறித்த இணைப்பாயின் அவ்வளவும் அதிலேயே கரைந்துவிடும். எல்லாவற்றையும் முதல் நாளே ஏற்ற முயன்று மூன்றாம் நாள் சலித்து விட்டவர் பலர். பத்திரங்களை முதலில், மறைந்தோர் குரலையும் படங்களையும் அடுத்து, பிறவற்றை இரவு நேரங்களிற் சிறிது சிறிதாக ஏற்றுவதே அறிவுடைமை. வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்களுக்காக மாதந்தோறும் டொலர் செலுத்துவானேன்? அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எதைத் தெரிவது என்று முடிவாகக் கேட்போருக்கு நமது கருத்தைச் சொல்லிவிடுகின்றோம். மாணவருக்குப் பணம் கொடுத்து வாங்கும் சேவை வேண்டியதில்லை. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இலவச இடம், ஒரு சிறிய வன்தட்டு, இவை போதும். கைத்தொலைபேசிப் படங்களே பெரும்பகுதியான குடும்பத்துக்கு, அக்கருவிக்குரிய நிறுவனம் விற்கும் சிறிய இடமும், ஆண்டுக்கு இருமுறை வன்தட்டிற் படியெடுப்பதும் ஏற்றவை. கணினி நிறையக் கோப்புள்ள வீட்டாரும் தொழில் செய்வோரும் காப்புக்கென்றே அமைந்த சேவையை நாடுக. அவற்றுட் பக்பிளேஸ் ஒரு கணினிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும், கோப்பின் அளவைப் பாராது. ஐடிறைவ் அளவைப் பார்க்கும், கருவிகள் எத்தனை என்று பாராது. நான்கு கருவி உள்ள வீட்டுக்குப் பின்னது சிக்கனம். ஒரே கணினியில் மலைபோற் குவித்தவருக்கு முன்னது.

எதைத் தெரிந்தாலும் பாடசாலை விடுமுறை தோறும் ஒரு சோதனை செய்தல் வேண்டும். வேறொரு கணினியிலிருந்து கணக்கினுட் சென்று, பத்துக் கோப்பை இறக்கித் திறந்து பாருங்கள். வீட்டில் இதுவரை செய்யாத ஒருவர் கையாற் செய்விப்பது இன்னும் நன்று. அப்போது பலர் காணப் போவது ஒன்றுண்டு. முன்னாளில் ‘பாமினி’ எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ்க் கட்டுரைகளும் கல்வெட்டு மலர்களும், அவ்வெழுத்துரு இல்லாத புதிய கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். கோப்பு வந்து சேர்ந்தது. தமிழ் வந்து சேரவில்லை. எழுத்துருவையும் கோப்புகளோடு சேர்த்து வையுங்கள். இயலுமாயின் அக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றியதையும் மூலத்தையும் சேர்த்தே ஏற்றுங்கள். மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் ஒருமுறை கண்ணாற் சரிபார்த்துக் கொள்க.